எட்டு நிமிஷப் பாட்டு

என் கண்ணு குமுதா,

நீ போய் ஒரு வருஷமும் இரண்டு மாசமும் ஆகிறது. இத்தனை நாளும் உனக்கு மனசுக்குள்ளேயே எழுதிக்கொண்டிருந்தேன். எழுதி எழுதி, எனக்கு வேண்டிய மாதிரி திருத்தியும் கொண்டேன். ஒவ்வொரு தடவையும் நான் கொஞ்சம் கொஞ்சமாக நல்லவளாகிக்கொண்டே வந்தேன். அது எனக்குப் பயமாக இருக்கிறது. அதனால்தான் இன்று தாளில் எழுதி, நாலு பேர் படிக்கிற இடத்துக்குக் கொடுக்கிறேன். அச்சில் வந்துவிட்டால் அப்புறம் மாற்ற முடியாது இல்லையா?

மலையில் சாமை விதைக்கிறார்கள். ஜமுனாமரத்தூரில் நேற்று முழுக்கத் தூறல், துணி எதுவும் காயவில்லை. உன் மாமா கூட்டுறவுச் சங்கத்து வேலைக்குக் கிளம்பிப் போய்விட்டார். தேவி ஒன்றாவது படிக்கிறாள். அவளுக்கு உன் மூக்கு. போன வருஷம் நீ வீட்டுக்கு வந்துவிட்டுப் போன பிறகு, "யாரும்மா அவங்க?" என்று கேட்டாள். "தெரிஞ்சவங்க" என்றேன். தெரிஞ்சவங்க!

படிக்கிறவர்களுக்காகச் சில விஷயங்களைச் சொல்ல வேண்டும். கோபித்துக்கொள்ளாதே. குமுதா என் கூடப்பிறந்த தங்கை. உன் மாமா என்று நான் எழுதுவது என் வீட்டுக்காரரை. ஆலங்காயத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். அவள் திருவிழாக்களில் ரெக்கார்டு டான்ஸ் ஆடினாள். நோட்டீஸில் அவள் பெயர் மிஸ் ரீட்டா.

உனக்குப் பத்து வயசில் காய்ச்சல் வந்து முட்டியெல்லாம் வீங்கியதே, அதிலிருந்துதான் எல்லாம். வேலூரில் பெரிய டாக்டர் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, வால்வு கெட்டிருக்கிறது, மாசம் தவறாமல் ஊசி போட வேண்டும் என்றார். அம்மா இல்லாத வீடு. மாசாமாசம் நான்தான் உன்னை ஆலங்காயம் ஆஸ்பத்திரிக்கு நடத்திக் கூட்டிப்போவேன். வழியில் ஒரு சின்ன மேடு உண்டு. அதில் ஏறும்போது நீ நின்று, வலது கையை விரித்து நெஞ்சில் வைத்துக்கொள்வாய். நான் பத்து எண்ணுவேன். கை இறங்கும். மறுபடி நடப்போம்.

எனக்குக் கல்யாணம் ஆகி மலைக்கு வந்துவிட்டேன். அப்புறம் உன்னை யார் கூட்டிப்போனார்கள்? நான் கேட்கவே இல்லை. அப்பா போயிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைத்துக்கொள்வது சுலபமாக இருந்தது.

உனக்கு வந்த இரண்டு வரனும் தட்டிப்போயின. பிள்ளை பெறக்கூடாது என்று டாக்டர் சொன்னது எப்படியோ அவர்கள் காதுக்குப் போய்விட்டது. மூன்றாவதாக யாரும் வரவில்லை. அந்த வருஷத் திருவிழாவுக்கு ஆட வந்த ட்ரூப்போடு நீ வேனில் ஏறிப் போய்விட்டாய். அப்பா உன் பெட்டியைத் தெருவில் வைத்தார். உன் மாமா செய்தியைக் கேட்டுவிட்டு, "இங்க யாருக்கும் தெரிய வேணாம்" என்று ஒரு வார்த்தை சொன்னார். ஒரே வார்த்தைதான். நான் அதைப் பிடித்துக்கொண்டு நாலு வருஷம் வாழ்ந்தேன். கூடப்பிறந்தவர்கள் எத்தனை பேர் என்று கேட்டவர்களிடமெல்லாம் நான் ஒருத்திதான் என்றேன்.

மாசி மாசம் ஒரு மத்தியானம் நீ திடீரென்று வாசலில் வந்து நின்றாய். பூப்போட்ட நைலக்ஸ் புடவை. உதட்டில் சாயம் இல்லை. எனக்காகத் துடைத்துக்கொண்டு வந்திருக்கிறாய் என்று அப்புறம்தான் தோன்றியது.

"இன்னாக்கா, உள்ள வரச் சொல்ல மாட்டியா?"

"வா வா. அவரு சாப்பாட்டுக்கு வர்ற நேரம்."

"வந்தா இன்னா? என் மாமாதான?"

உட்கார்ந்ததும் கைப்பையிலிருந்து ஒரு கேசட்டை எடுத்துக் காட்டினாய். அட்டையில் ஆள் படம்கூட இல்லை. மஞ்சளும் நீலமுமாகக் கட்டங்கள், அதற்குமேல் இங்கிலீஷ் எழுத்து. ஆலங்காயத்தில் சவுண்ட் சர்வீஸ் வைத்திருக்கிற பாபுவுக்கு அவருடைய தம்பி துபாயிலிருந்து அனுப்பியது என்றாய்.

"இங்கிலீஷ்காரங்க நாலு பேருக்கா. மேளம் கெடையாது, ஃபிடில் கெடையாது, எல்லாம் மெஷினு. முன்ன பாடின பாட்டயே டான்ஸ் ஆடுறவங்களுக்காக இழுத்து நீட்டி இந்தக் கேசட்டு போட்டிருக்காங்களாம். ஒரு பாட்டு எட்டு நிமிஷம்!"

"எட்டு நிமிஷம் இன்னாத்துக்குடி?"

"ஆடுறதுக்குத்தான். நாம சூடு புடிக்கறப்ப பாட்டு முடிஞ்சி போவுதில்ல? இதுல அது கெடையாது."

அப்புறம் நீ சொன்னது எனக்கு வார்த்தைக்கு வார்த்தை நினைவிருக்கிறது. "சினிமாப் பாட்டுக்கு ஆடினா அந்த ஆக்ட்ரசத்தான் எல்லாரும் பாப்பாங்க. அவ எங்க கண்ணடிச்சாளோ அங்க நானும் கண்ணடிக்கணும். கொஞ்சம் மாத்துனா தப்பு தப்புன்னு கத்துவானுங்க. இந்தப் பாட்டுக்கு எந்த ஆக்ட்ரசும் ஆடலக்கா. நான் எப்படி ஆடுறனோ அதுதான் சரி."

உன் முகம் அப்போது எப்படி இருந்தது தெரியுமா? வரன் பார்க்க வந்தபோதுகூட உன்னை நான் அத்தனை அழகாகப் பார்த்ததில்லை.

"மூச்சு வாங்குதா?" என்று கேட்டேன்.

"மெஷினுக்கு வாங்காது. எனக்குத்தான்" என்று சிரித்தாய்.

"ஊசி போடுறியா?"

"ஊர் ஊரா சுத்துறவளுக்கு ஊசி எங்கக்கா? அத வுடு. சித்திரையில உங்க மலையிலயே ப்ரோக்ராம் கீது. பகல் ஆட்டந்தான். நீ வந்து பாக்கணும்."

"பாக்கலாம். நீ கெளம்பு, அவரு வந்துடுவாரு."

அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. வாசம் உனக்கும் வந்திருக்கும். சாப்பிட்டுவிட்டுப் போ என்று நான் சொல்லவில்லை.

சித்திரையில் மாரியம்மன் திருவிழா வந்தது. தூரத்து ஊர்க்காரர்கள் இருட்டுவதற்குள் வீடு திரும்ப வேண்டும் என்பதால் மத்தியானம் மூன்று மணிக்கே ஆட்டம். பலாப்பழ வாசனையும் ஜெனரேட்டர் புகையும் கலந்து அடித்தன. பலகை மேடைக்கு முன்னால் போட்ட நாற்காலிகளில் ஊர்க் கவுண்டரோடு உன் மாமா உட்கார்ந்திருந்தார். நான் பெண்களோடு ஒதுங்கி நின்றேன். என் பக்கத்தில் சங்கத்துச் செயலாளர் வீட்டம்மா சரோஜா.

நீ முதலில் மூன்று சினிமாப் பாட்டுக்கு ஆடினாய். ஜிகினாப் பாவாடை, முகம் நிறைய ரோஸ் பவுடர். விசில் பறந்தது. ஒவ்வொரு கண்ணடிப்பும் அந்தந்த நடிகை மாதிரியே இருந்தது. அதில் உன்னைத் தேடினேன், நீ இல்லை. இவளை எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொள்வதும் அப்போது சுலபமாகத்தான் இருந்தது.

அப்புறம் பாபு அந்தக் கேசட்டைப் போட்டார். டப் டப் என்று மெஷின் தாளம் மட்டும். பாட்டு வரவே இல்லை. ஒரு நிமிஷம் ஆயிற்று, இன்னும் வெறும் தாளம். "இன்னாடி இது, ரேடியோ ரிப்பேரா?" என்று ஒரு கிழவி கேட்டாள். சிரித்தார்கள். நீ அசையாமல் நின்றுகொண்டிருந்தாய். பிறகு உன் இடது தோள் மட்டும் ஆடியது. அந்தத் தோளிலிருந்து ஆட்டம் மெதுவாக இறங்கி இடுப்புக்கும் காலுக்கும் வந்தது. யாரையும் பார்த்துச் சிரிக்கவில்லை. கண்ணடிக்கவில்லை. இடுப்பளவு தண்ணீரில் நடக்கிறவள் மாதிரி காற்றை இரண்டு கையாலும் தள்ளிக்கொண்டு வந்தாய்.

விசில் நின்றுவிட்டது. யாருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. நடுவில் ஒரு ஆண் குரல் வந்து இரண்டு வரி பாடிவிட்டு மறைந்தது. மறுபடி தாளம். பாடிய குரலைக் கத்தரித்து ஒரே துண்டைத் திரும்பத் திரும்ப ஒட்டியது மாதிரி ஒரு இடம் வந்தது. அங்கே நீயும் ஒரே திருப்பத்தைத் திரும்பத் திரும்பச் செய்தாய். ஒவ்வொன்றும் கொஞ்சம் வேறு மாதிரி. முன்னால் உட்கார்ந்திருந்த பொடிசுகள் எழுந்து ஆட ஆரம்பித்தன. அந்தக் கிழவியும் தலையை ஆட்டினாள். அவள் கண்ணில் தண்ணீர் நின்றது, ஏன் என்று எனக்குத் தெரியாது.

எனக்கு ஆட்டம் பற்றி ஒன்றும் தெரியாது, குமுதா. ஆனால் அன்று மேடையில் இருந்தவளை எனக்குத் தெரியும். அவள் என் தங்கை.

அப்போதுதான் உன் வலது கை விரிந்து நெஞ்சுக்குப் போனது.

ஜனங்கள் அதையும் ஒரு ஸ்டெப் என்று நினைத்தார்கள். விசில் மறுபடி கிளம்பியது. விடலைகள் நாலைந்து பேர் தங்கள் நெஞ்சிலும் கையை வைத்துக்கொண்டு குதித்தார்கள். நான் எண்ண ஆரம்பித்தேன். பத்து வந்தது, கை இறங்கவில்லை. இருபது வந்தது. நீ அந்தக் கையை எடுக்காமலேயே ஆடினாய். சாயம் கரைந்த உதடு வெளுத்திருந்தது. அத்தனை பேரில் எனக்கு மட்டும்தான் அது தெரிந்தது. பாட்டோ முடிகிற மாதிரி இறங்கி, மறுபடி ஏறியது.

இரண்டு அடி முன்னால் எடுத்து வைத்தேன். சரோஜா என் முகத்தைப் பார்த்துவிட்டு, "இன்னா காஞ்சனா, ஒனக்குத் தெரிஞ்ச பொண்ணா?" என்று கேட்டார்.

"இல்லீங்க" என்றேன்.

சொல்லிவிட்டேன் அல்லவா, அதன் பிறகு எப்படிப் போவது? அங்கேயே நின்றேன். பாட்டு முடியும் வரைக்கும் நின்றேன்.

நீ முடித்தாய். கீழே விழவில்லை. கும்பிட்டுவிட்டு நடந்தே திரைக்குப் பின்னால் போனாய். கைதட்டல் ஓயவே இல்லை. தண்ணீர் குடிக்கப் போகிறவள் மாதிரி நான் சுற்றிக்கொண்டு பின்பக்கம் வந்தேன். தார்ப்பாய்மேல் உன்னைப் படுக்க வைத்து பாபு நோட்டீஸ் அட்டையால் விசிறிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் உன் முகம் மலர்ந்தது.

"அக்கா... பாத்தியா?"

நான் என்ன சொன்னேன் என்று உனக்குத் தெரியும். படிக்கிறவர்களுக்கும் தெரியட்டும்.

"இல்லடி. இப்பதான் வர்றேன். நடந்து வர நேரமாயிட்ச்சி."

"கொஞ்சங்கூடவா பாக்கல?"

"இல்ல."

நீ கண்ணை மூடிக்கொண்டாய். பிறகு என் கையைத் தட்டிக்கொடுத்தாய். "போவட்டும் வுடு. மூச்சு சரியாவட்டும், இன்னொரு வாட்டி ஆடுறேன். அப்ப பாரு."

ஏன் அப்படிச் சொன்னேன்? பார்த்தேன் என்றால் நெஞ்சில் கை வைத்ததையும் பார்த்தேன் என்று ஆகும். பார்த்துக்கொண்டு ஏன் சும்மா நின்றாய் என்று நீ கேட்பாய் என்று பயந்தேன். நீ கேட்டிருக்க மாட்டாய். நன்றாக ஆடினேனா என்றுதான் கேட்டிருப்பாய்.

புளி ஏற்றுகிற ஜீப் ஒன்று கிடைத்தது. பாபுவும் டிரைவரும் உன்னைத் தூக்கி ஏற்றினார்கள். "நீங்களும் வர்றீங்களா?" என்று பாபு கேட்டார். தேவியை அடுத்த வீட்டில் விட்டு வந்திருக்கிறேன், அவர் தேடுவார், காலையில் முதல் பஸ்ஸில் வருகிறேன் என்று என்னென்னவோ சொன்னேன். "போய்ட்டு வா கண்ணு" என்று உன் காலைத் தொட்டேன். கால் சில்லென்று இருந்தது. அப்போதும் நான் ஏறவில்லை.

மலை இறங்குவதற்குள் நீ போய்விட்டாய். கடைசி வளைவுக்கு முன்னால், காற்று வரட்டும், படுதாவைத் தூக்கிக் கட்டுங்கள் என்று கேட்டாயாம். கட்டிவிட்டுத் திரும்பிப் பார்த்தால் நீ இல்லை என்று பாபு சொன்னார்.

அப்பா உன்னை வீட்டுக்குள் விட்டார். ஆனால் முகத்துச் சாயத்தைக் கழுவிவிட்டுத்தான் கொண்டுவர வேண்டும் என்றார். செய்தி கேட்டு ஊருக்கு வந்து நான்தான் கழுவினேன். தண்ணீருக்கு அது போகவில்லை. தேங்காயெண்ணெய் தொட்டு, பழந்துணியால் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தேன். ரோஸ் பவுடருக்கு அடியில் நீ அத்தனை கறுத்துப்போயிருந்தாய். எத்தனை நாளாக அப்படி இருந்தாய்? யாராவது உன் முகத்தை வெளிச்சத்தில் பார்த்தார்களா?

பதினாறாம் நாள் காரியம் முடிந்து மலைக்குத் திரும்பிய பிறகு, உன் மாமாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நீ இறந்தது மட்டும்தான் அவருக்குத் தெரியும் என்று நினைத்திருந்தேன். மேடையில் ஆடியது நீதான் என்று சொன்னேன். 

"மொத பாட்டுலயே எனக்குத் தெரிஞ்சிட்ச்சி" என்றார். "நீ மேட மேல ஏறிப் போவேன்னு திரும்பித் திரும்பிப் பாத்துக்கினே இருந்தேன். நீ போயிருந்தா நானும் பின்னாலயே வந்திருப்பேன்."

"யாருக்கும் தெரிய வேணாம்னு சொன்னீங்களே?"

"அது என்னிக்கோ ஒரு கோவத்துல சொன்னது காஞ்சனா. நீ அதயே புடிச்சிக்கினு இருப்பேன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

அன்று நான் அழவில்லை. சத்தம் போட்டுச் சிரித்தேன். தேவி பயந்துபோய் அவருடைய காலைக் கட்டிக்கொண்டாள். நான் எந்தச் சுவருக்குப் பயந்து நின்றேனோ அந்த இடத்தில் சுவரே இல்லை. அவரும்தான் எழுந்து வரவில்லை. அதை அவரிடம் கேட்டேன். அவர் தேவியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார். இப்போது நாங்கள் நல்லபடியாகத்தான் இருக்கிறோம். சாப்பிடும்போது மட்டும் ஒருவரை ஒருவர் நிமிர்ந்து பார்ப்பதில்லை.

போன மாசம் ஆலங்காயம் போனேன். பாபுவின் கடையில் அந்தக் கேசட் இருந்தது. உனக்குப் பிறகு அதை யாருக்கும் போடவில்லை என்றார். போடச் சொன்னேன். முக்காலியில் உட்கார்ந்து முழுசும் கேட்டேன். இந்த இடத்தில் உன் தோள், இந்த இடத்தில் தண்ணீர் நடை, இங்கே திருப்பம், இங்கே கை என்று ஒவ்வொன்றாக வந்துகொண்டே இருந்தது.

"நான் நிறுத்தியிருக்கணும்கா" என்றார் பாபு. "பட்டன்மேல விரல வச்சிட்டேன். ரீட்டா என்னப் பாத்து வேணாம்னு தலைய ஆட்டிட்ச்சி." அவரும் ஒரு வருஷமாக அந்த விரலோடுதான் இருக்கிறார் போலிருக்கிறது.

பிறகு அவர் வேறொரு கேசட்டைத் தேடி எடுத்தார். அதே ஆட்கள் முன்னால் போட்டது, இதே பாட்டு அதில் சின்னதாக இருக்கிறது என்றார். அதையும் கேட்டேன். சட்டென்று பாடத் தொடங்கி, நாலு நிமிஷம் ஆவதற்குள் முடிந்துவிட்டது. குமுதா, அது முடிந்த நேரத்தில் அன்று உன் கை இன்னும் நெஞ்சுக்குப் போகவில்லை.

அந்த நிமிஷத்திலிருந்து எனக்குத் தூக்கம் போயிற்று. முகம் தெரியாத அந்த நாலு பேர் எங்கேயோ உட்கார்ந்து இந்தப் பாட்டை நீட்டாமல் இருந்திருந்தால் நீ இருந்திருப்பாயா? ஆனால் அந்த நாலு நிமிஷத்துக்குள் உன் ஆட்டமும் சூடு பிடித்திருக்காதே. அவர்கள் நீட்டித் தந்த இடத்தில்தான் நீ நீயாக ஆடினாய். அந்த இடத்தில்தான் செத்தும் போனாய். நான் யாரைத் திட்டுவது? யாருக்கு நன்றி சொல்வது? கேட்டால் சொல்வதற்கு நீயும் இல்லை.

அந்தப் பாட்டின் பெயர்கூட எங்கள் யாருக்கும் தெரியாது. அட்டையில் பத்து வரி இங்கிலீஷ் இருக்கிறது, அதில் எது இது என்று பாபுவுக்கும் தெரியவில்லை. கேசட்டை எடுத்துப் போங்கள் அக்கா என்றார். வேண்டாம் என்று வந்துவிட்டேன். என் வீட்டில் வைத்துக்கொள்ள எனக்கு என்ன தகுதி?

எல்லாரும் எனக்கு ஒரு ஆறுதல் சொல்கிறார்கள். பாபு சொல்கிறார், உன் மாமா சொல்கிறார், எல்லாம் தெரிந்துகொண்ட பிறகு சரோஜாகூடச் சொன்னார். "நீ பாத்தேன்னு அவளுக்குத் தெரிஞ்சிதான் இருக்கும், மனசப் போட்டு ஒழப்பிக்காத" என்கிறார்கள். உனக்குத் தெரியாது. நான் இல்லை என்று சொன்னபோது உன் கண் மூடியதைப் பார்த்தவள் நான். அக்கா பார்க்கவில்லை என்று நம்பிக்கொண்டுதான் நீ அந்த ஜீப்பில் போனாய்.

அதனால் உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். அந்த ஆறுதலை நான் வாங்கிக்கொள்ள மாட்டேன். யார் எத்தனை அன்பாக நீட்டினாலும், எனக்கு எத்தனை வயசானாலும் மாட்டேன். நீ எப்படி ஆடினாய் என்று கேட்கிறவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் தோளிலிருந்து தொடங்கிச் சொல்வேன். தேவிக்கு நேற்றே சொல்லிவிட்டேன். எழுந்து நின்று ஆடிக் காட்டச் சொன்னாள். எனக்கு வரவில்லை.

எட்டு நிமிஷமும் பார்த்துக்கொண்டு நின்ற
உன் அக்கா,
காஞ்சனா